லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 26, 1964) ஓர் ஆங்கிலேய மருத்துவரும் குருதியியல் ஆய்வாளரும் ஆவார். கருவுற்ற பெண்களைத் தாக்கும் ஒருவகைக் கடும் இரத்தச்சோகையை, ஈஸ்ட் எனப்படும் மதுவத்தின் பிழிவைக் கொண்டு குணப்படுத்த முடியும் என்பதை இவர் இந்தியாவில் மேற்கொண்ட ஆய்வுகளின் மூலம் நிறுவினார். அந்தப் பிழிவில் இருந்த, அப்போது வேதியியல் அடையாளம் தெரியாத பொருள் நெடுங்காலம் வில்ஸ் காரணி என்றே அழைக்கப்பட்டது. பின்னாளில் அது ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்து எனத் தெரியவந்தது. அதன் செயற்கை வடிவமே ஃபோலிக் அமிலம்.

இவரது ஆய்வுகளின் மையமாக இருந்த நகரம் பம்பாய். எனினும் அவற்றின் முக்கியமான பகுதிகள் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரிலும் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் நடைபெற்றன. ஆகவே தமிழகத்தின் அறிவியல் வரலாற்றிலும் இவருக்கு ஓர் இடம் உண்டு.

பிறப்பும் குடும்பமும்

லூசி வில்ஸ் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரை அடுத்த சட்டன் கோல்டுபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் லெனர்டு வில்ஸ், மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் அறிவியல் பயின்றவர். இவர்களது குடும்பம் அரிவாள், புல்லறுக்கும் வாள் போன்ற கூர்கருவிகளைச் செய்யும் தொழிலை நடத்தி வந்தது. தாய் கெர்ட்ரூட் ஆனி, பர்மிங்காமில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரின் மகள். தமையன் லெனர்டு ஜான்ஸ்டன் வில்ஸ் பின்னாளில் புவியியல் பேராசிரியர் ஆனார். வசதியான குடும்பம், அறிவியலில் நாட்டம் கொண்ட வீடு. பெண் குழந்தையைக் கல்லூரிக்கு அனுப்புவதில் அந்த வீட்டில் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

கல்வி

1903ஆம் ஆண்டு செல்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு அறிவியலையும் கணிதத்தையும் முறையாகக் கற்பித்த பள்ளிகளுள் அது ஒன்று. 1907இல் கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் புவியியலும் கற்கத் தொடங்கி 1911இல் முடித்தார். அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வு எழுத அனுமதித்ததேயன்றிப் பட்டம் வழங்கவில்லை. எனவே தேர்ச்சி பெற்றும் அவர் பட்டமின்றியே வெளியேறினார்.

1911இல் தந்தை இறந்தார். 1913இல் மூத்த சகோதரி ஈடித் 26 வயதில் இறந்தார். அதே ஆண்டில் லூசி தன் தாயுடன் இலங்கைக்குச் சென்றார். அங்கு அவர்களுக்கு உறவினரும் நண்பரும் இருந்தனர். 1914இல் தம்பியுடன் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுனில் சில வாரங்கள் தொண்டுச் செவிலியாகப் பணியாற்றிவிட்டு ஆண்டிறுதியில் நாடு திரும்பினார். தாவரவியலிலிருந்து மருத்துவத்துக்கு அவர் மாறியது இதற்குப் பின்னரே.

1915 சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். இப்பள்ளி ராயல் ஃப்ரீ மருத்துவமனையுடன் இணைந்தது. இதற்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1878இல் தேர்ச்சி பெற்ற மேரி ஷார்லீப் அதன் பின்னர் படித்ததும், பிற்காலத்தில் பணியாற்றியதும் இந்நிறுவனங்களிலேயே. லூசி படித்த காலத்தில் இந்திய மாணவியர் பலர் அங்கு இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜெருஷா ஜிராட் 1919இல் மகப்பேறு மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று, பின்னர் பம்பாய் காமா மருத்துவமனையின் தலைவரானார்.

1920இல், தன் 32ஆம் வயதில், லூசி வில்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் தனியாக மருத்துவத் தொழில் நடத்த அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வகத்திலேயே தங்கி, கருவுற்ற காலத்தில் உடலில் நிகழும் வேதியியல் மாற்றங்களைப் பற்றி ஆராயலானார்.

இந்தியாவுக்கு வருதல்

1920களில் இந்தியாவில் மகப்பேற்றின்போது தாய்மார்கள் இறப்பது மிகுதியாக இருந்தது. அதற்குரிய காரணங்களுள் ஒன்றாக ஒரு விளங்காத இரத்தச்சோகை கருதப்பட்டது. கருவுற்ற பிற்பகுதியில் பெண்ணின் முகம் வெளிறும், கால் வீங்கும், நாக்கு புண்ணாகும், உணவு செல்லாது. இரும்புச்சத்து கொடுத்தாலும் தேறுவதில்லை. பலர் மகப்பேற்றுக்கு முன்னரோ அதனை ஒட்டியோ இறந்தனர். இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் வழக்கத்தைவிடப் பெருத்தும் காணப்பட்டன. இரும்புக் குறைவினால் வரும் சோகையில் செவ்வணுக்கள் சிறுத்துப் போகும். எனவே இது வேறு நோய் என்பது மட்டும் தெளிவாயிற்று.

இந்தியப் பெண்கள் மருத்துவப் பணியில் உயர்பொறுப்பு வகித்த மார்கரெட் பால்ஃபோர், இந்திய ஆய்வு நிதிக் கழகத்தின் சார்பில் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் நடந்த தாய்மார் இறப்பு விசாரணையில் சேருமாறு லூசி வில்ஸை அழைத்தார். 1928இல் வில்ஸ் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 40. 1933 வரை அவரது பணி இந்தியாவில் தொடர்ந்தது. இடையில் 1930 முதல் 1932 வரை கோடைதோறும் சில மாதங்கள் இங்கிலாந்து சென்று ராயல் ஃப்ரீ ஆய்வகத்தில் அதே வேலையைத் தொடர்ந்தார்.

யாருக்கு இந்த நோய் வருகிறது

வில்ஸ் முதலில் கேட்ட கேள்வி எளியது. ஒரே நகரில், ஒரே தட்பவெப்பத்தில் வாழும் பெண்களுள் யாருக்கு இந்நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை? தொற்றுநோயாக இருக்கலாம், குடலில் பாக்டீரியா உண்டாக்கும் நச்சாக இருக்கலாம் என்று பலவாறு ஊகிக்கப்பட்ட காலம் அது. அவர் பல்வேறு வகுப்புப் பெண்களின் உணவையும் வாழ்நிலையையும் பட்டியலிட்டார். ஏழை முசுலிம் பெண்களிடம் இந்நோய் மிகுந்திருந்தது. அவர்களது உணவே எல்லாரினும் குறைபாடு மிக்கதாகவும் இருந்தது. பழம், காய்கறி, கீரை, பால் ஆகியவை அதில் அரிதாகவே இடம்பெற்றன. வசதி படைத்த பெண்களிடம் நோய் அரிதாக இருந்தது.

அக்காலத்துப் பம்பாய் பருத்தி ஆலைகளின் நகரம். ஆலைகளில் பெண்களும் பெருந்தொகையினராக வேலை செய்தனர். ஆலையில் வேலை செய்யும் பெண்களின் மகப்பேற்று நிலையைப் பற்றி பால்ஃபோரும் தனியே ஆராய்ந்துள்ளார். கோவில்பட்டி, மதுரை, தூத்துக்குடி போன்ற ஆலை ஊர்களை அறிந்த வாசகர்களுக்கு அந்த வாழ்க்கையைத் தனியாக விவரிக்க வேண்டியதில்லை. குறைந்த கூலி, நீண்ட நேரம் நின்றுகொண்டே வேலை, வீட்டில் எல்லாரும் உண்ட பின்னர் எஞ்சியதை உண்ணும் வழக்கம்.

உணவே காரணம் என்றால் உணவில் இல்லாத எந்தப் பொருள் காரணம் என்பது அடுத்த கேள்வி. அதற்கு விடை காணச் சோதனை விலங்குகள் தேவைப்பட்டன. அதற்கேற்ற ஆய்வகம் குன்னூரில் இருந்தது.

குன்னூர் எலிகள்

குன்னூர் பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் தலைமையில் உணவூட்ட ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கி வந்தது. 1918இல் பெரிபெரி நோய் ஆய்வுக்காகத் தொடங்கப்பட்ட சிறு பிரிவு அது. இதுவே பின்னர் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய உணவூட்ட நிறுவனம் ஆயிற்று. இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் மெக்காரிசன். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவில் அவை நலிந்தன.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் தன் பணியைக் குன்னூருக்கு மாற்றிக்கொண்டார். பம்பாய் ஏழை முசுலிம் பெண்கள் உண்ட உணவையே வெள்ளெலிகளுக்கு அளித்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. கருவுற்ற எலிகள் குட்டி ஈனும் முன்னரே இறந்தன. பி உயிர்ச்சத்து முற்றிலும் இல்லாத செயற்கை உணவில் மதுவத்தைச் சேர்த்தபோது சோகை வராமல் தடுக்கப்பட்டது.

இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. ஆய்வுக்கூட எலிகளிடம் பேன் இருந்தது. பேன் மூலம் பரவும் பார்ட்டொனெல்லா என்னும் நுண்ணுயிரும் எலிகளுக்குச் சோகையை உண்டாக்கும். எந்த எலிக்கு உணவினால் சோகை, எந்த எலிக்குப் பேனால் சோகை என்று பிரித்தறிவது கடினமாயிற்று. எனவே எலிச் சோதனையின் முடிவை மட்டும் நம்பி எதையும் நிறுவ இயலவில்லை. வில்ஸ் அதே சோதனையை ரீசஸ் குரங்குகளில் மீண்டும் செய்தார். குறைபாடுள்ள உணவில் குரங்குகளுக்கும் பெருஞ்செவ்வணுச் சோகை வந்தது. மதுவப் பிழிவு கொடுத்தபோது அது நீங்கியது. இம்முறை பேனின் மீது பழி போட முடியவில்லை.

மார்மைட்

குரங்குச் சோதனை முடிவதற்குக் காத்திராமல் நோயாளிப் பெண்களுக்கும் மதுவப் பிழிவு அளிக்கப்பட்டது. நோயின் கடுமையை நோக்கக் காத்திருக்கவும் முடியாது. அவர் தேர்ந்தெடுத்தது மார்மைட் என்னும் கடைச்சரக்கு. பீர் வடித்தபின் எஞ்சும் மதுவத்திலிருந்து இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1902 முதல் செய்யப்பட்டு வந்த, ரொட்டியில் தடவி உண்ணும் கரிய பசை அது. மருந்துக்கடையில் விற்கும் எந்தப் பிழிவையும்விட மலிவானது. இதுவே அதனைத் தேர்ந்தெடுத்ததற்குரிய முதன்மைக் காரணம்.

அன்றைய நிலையில் இதற்கு மாற்றாக இருந்தது ஈரல். 1926இல் அமெரிக்கரான மைனாட், மர்ஃபி ஆகியோர் பெர்னிசியஸ் அனீமியா எனப்படும் கொடுஞ்சோகையை ஈரல் உணவால் குணப்படுத்திக் காட்டியிருந்தனர். நாள்தோறும் பெருமளவு ஈரலை உண்ண வேண்டும். பம்பாய் ஏழைப் பெண்ணுக்கு அது கட்டுப்படியாகாது. மரக்கறி உண்பவர்களோ ஏற்கமாட்டார்கள்.

மார்மைட் அளித்த சில நாட்களுக்குள் நோயாளிகளுக்குப் பசி திரும்பியது. இரத்தத்தில் புதிய செவ்வணுக்கள் தோன்றலாயின. கொழுப்பில் கரையும் ஏ உயிர்ச்சத்தும், சி உயிர்ச்சத்தும் அளித்துப் பார்க்கப்பட்டன. அவற்றால் பயனேதும் விளையவில்லை. 1931இன் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த சாதி-கோஷா மருத்துவமனையிலும் அவர் இப்பணியைத் தொடர்ந்தார். ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்காக மேற்குறித்த மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனையே பின்னாளில் அரசு கஸ்தூரிபா காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. 1931 சூனில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான கட்டுரை இம்முடிவுகளை உலகறியச் செய்தது.

மதுவப் பிழிவு என்றால் என்ன

இக்கட்டுரையின் மையப்பொருளாகிய மதுவப் பிழிவைப் பற்றிச் சற்று விளக்கமாகக் கூறுவது மாணவர்களுக்குப் பயன்படும். மதுவம் ஒற்றை உயிரணு கொண்ட பூஞ்சை. அதனுடன் உப்பைச் சேர்த்து மிதமாகச் சூடேற்றினால் உயிரணு இறந்துவிடும். ஆனால் அதனுள் இருக்கும் நொதிகள் உடனே செயலிழப்பதில்லை. அவை அந்த உயிரணுவின் புரதங்களையே செரித்துக் கரைக்கின்றன. இதற்குத் தன்செரிப்பு என்று பெயர். பின்னர் கரையாத உயிரணுச் சுவரை நீக்கிவிட்டு, எஞ்சிய நீர்க்கரைசலை வற்றவைத்தால் கிடைப்பதே பிழிவு. அமினோ அமிலங்களும் பி தொகுதி உயிர்ச்சத்துக்களும் இதில் செறிந்திருக்கும். நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கரைசலில் சேர்க்கப்படும் மஞ்சள் நிறப் பொடியும் இதன் உலர்ந்த வடிவமே.

மதுவத்தின் கொழுப்புகள் இந்நீர்க்கரைசலில் வருவதில்லை. அவை சவ்வுகளோடும் சுவரோடும் கழிவிலேயே தங்கிவிடும். அவற்றைப் பிரிக்க ஈதர், ஆல்ககால், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் தேவை. அவ்வாறு பெறும் கொழுப்புப் பிழிவில் எர்கோஸ்டெரால் என்னும் பொருள் உண்டு. இதன்மேல் புறஊதாக் கதிர் பட்டால் டி உயிர்ச்சத்து உருவாகிறது என்பது 1927இல் கண்டறியப்பட்டது. இப்பொருள்களை ஆராய்ந்த செருமானியர் அடோல்ஃப் விண்டாஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார். செயற்கை உயிரணுச் சவ்வுகளை அமைத்து ஆராய்வோர் மதுவத்தின் கொழுப்புப் பிழிவை இன்றும் பயன்படுத்துகின்றனர். ஒரே மதுவத்தின் கொழுப்பில் ஓர் உயிர்ச்சத்தும் நீரில் மற்றோர் உயிர்ச்சத்தும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தேடப்பட்டன என்பது சுவையான செய்தி. விண்டாஸ் கையில் தூய பொருள் இருந்தது. வில்ஸ் கையில் இருந்தது கரிய பசை மட்டுமே.

தூய மருந்து தோற்றது ஏன்

வில்ஸின் ஆய்வில் மிக நுட்பமான பகுதி இதுவே. அவர் ஆராய்ந்த நோய் கருவுற்றோர் கொடுஞ்சோகை என்று அழைக்கப்பட்டு வந்தது. ஐரோப்பியரிடம் காணப்பட்ட கொடுஞ்சோகையின் இன்னொரு வடிவம் என்று பலர் கருதினர். இரண்டிலும் செவ்வணு பெருத்திருக்கும், இரண்டுக்கும் ஈரல் மருந்தாகும். ஆனால் கொடுஞ்சோகை நோயாளியின் இரைப்பையில் அமிலம் சுரப்பதில்லை. வில்ஸின் நோயாளிகளுக்கு அமிலம் சுரந்தது.

1930களில் மருந்து நிறுவனங்கள் ஈரல் பிழிவை மேன்மேலும் தூய்மைப்படுத்தி ஊசி மருந்தாக்கி வந்தன. தூய்மை கூடக் கூடக் கொடுஞ்சோகை நோயாளிகளுக்கு அது சிறப்பாக வேலை செய்தது. அதே தூய பிழிவை வில்ஸ் தன் நோயாளிகளுக்கும் குரங்குகளுக்கும் அளித்தபோது அது வேலை செய்யவில்லை. தூய்மைப்படுத்தாத பழைய ஈரல் பிழிவு வேலை செய்தது. மார்மைட்டும் வேலை செய்தது. இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். ஈரலில் இரண்டு வெவ்வேறு காரணிகள் உள்ளன; மருந்து நிறுவனங்கள் ஒன்றைப் பிரித்தெடுக்கும்போது மற்றொன்றைக் கழிவாக வீசி எறிகின்றன. வீசி எறியப்பட்ட பொருளே பம்பாய்ப் பெண்களுக்குத் தேவைப்பட்டது. 1937, 1938 ஆண்டுகளில் கிளட்டர்பக், இவான்ஸ் ஆகியோருடன் சேர்ந்து வில்ஸ் இதனை வெளியிட்டார். இதற்காக 1937 நவம்பர் முதல் சனவரி வரை பத்து வாரங்கள் மீண்டும் பம்பாயில் தங்கினார். அப்பயணத்தில் சௌதாம்ப்டனிலிருந்து கராச்சி வரை நீரில் இறங்கும் வானூர்தியில் ஐந்து நாள் பறந்து வந்தார்.

முதல் காரணி பின்னாளில் பி12 உயிர்ச்சத்து எனப் பெயர் பெற்று 1948இல் பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டாவதே வில்ஸ் காரணி. பி12 என்னும் சொல்லும் ஃபோலேட் என்னும் சொல்லும் பிறக்கும் முன்னரே, எந்தப் பொருளையும் படிகமாகப் பிரித்தெடுக்காமலேயே, இரண்டும் வேறு என்று நோயாளியின் படுக்கையருகே காட்டியவர் இவர். நோபல் பரிசு ஈரல் சிகிச்சையைக் கண்டறிந்தோருக்குச் சென்றது; வில்ஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பொருளின் இருப்பை நிறுவுவதைவிட அதனைப் புட்டியில் அடைத்துக் காட்டுவதையே அறிவியல் உலகம் பெரிதாக மதித்து வந்துள்ளது எனலாம்.

வேதியியல் அடையாளம்

வில்ஸ் காரணி பல வழிகளில் பல பெயர்களில் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1938இல் அமெரிக்காவில் குரங்குகளின் சோகையை ஆராய்ந்தவர்கள் மதுவத்திலுள்ள ஒரு பொருளுக்கு எம் உயிர்ச்சத்து எனப் பெயரிட்டனர். கோழிக்குஞ்சை ஆராய்ந்தவர்கள் பிசி என்றனர். லாக்டோபேசில்லஸ் கேசி என்னும் பாக்டீரியாவை வளர்த்தவர்கள் அதன் வளர்ச்சிக் காரணி என்றனர். 1941இல் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். 1943இல் லெடர்லி ஆய்வகத்தின் ஸ்டாக்ஸ்டாட் அதனைத் தூய படிகமாகப் பெற்றார். 1945இல் அதே ஆய்வகம் அதனைச் செயற்கையாகத் தயாரித்தது.

அக்குழுவை வழிநடத்தியவர் எல்லப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். வில்ஸ் பணியாற்றிய கோஷா மருத்துவமனையும் சுப்பாராவ் படித்த பள்ளியும் ஒரே திருவல்லிக்கேணியில் உள்ளவை. இருவரும் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. வில்ஸ் சென்னை வந்தபோது சுப்பாராவ் அமெரிக்காவில் இருந்தார். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சற்றே மாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் சுப்பாராவின் குழு உருவாக்கியது. சிட்னி ஃபார்பர் 1947-48இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் அவற்றைப் பயன்படுத்தினார். மெத்தோடிரெக்சேட் என்னும் மருந்து அவ்வழியில் வந்தது.

மதுவத்தில் உள்ள ஃபோலேட் படிகமாகக் கிடைத்த ஃபோலிக் அமிலத்திலிருந்து சற்று வேறுபட்டது. ஒரு குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக ஏழு குளுட்டாமிக் அமிலங்கள் சங்கிலியாக அதில் கோக்கப்பட்டிருக்கும். குடலில் உள்ள நொதி சங்கிலியை அறுத்த பின்னரே உடல் அதனை உட்கொள்ளும். சில பாக்டீரியாக்களால் இந்தச் சங்கிலியை அறுக்க இயலாது. மதுவப் பிழிவைப் பாக்டீரியாவைக் கொண்டு அளந்தபோது ஆய்வாளர்கள் குழம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபோலேட் உடலில் டி.என்.ஏ. உருவாக்கத்துக்கு இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் உள்ள உயிரணு வளர்கிறது. ஆனால் உரிய நேரத்தில் பிரிய முடிவதில்லை. பெருத்த செவ்வணுக்கள் தோன்றுவது இதனாலேயே. கருவில் உயிரணுக்கள் விரைந்து பிரிவதால் கருவுற்ற தாயின் ஃபோலேட் தேவை உயர்கிறது. ஏற்கெனவே குறைவாக உண்பவருக்கு அந்த மாதங்களில் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. வில்ஸ் கண்ட நோய் பேறுகாலத்தில் வெளிப்பட்டதற்கு விளக்கம் இதுவே.

பிற்காலம்

1933 முதல் வில்ஸ் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் முழுநேரமாகப் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரின்போது அவசரகால மருத்துவப் பணியில் நோயியல் மருத்துவராக இருந்தார். அம்மருத்துவமனையின் முதல் குருதியியல் துறையை அமைத்தவர் இவரே. 1947இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்பது பெயரளவில்தான். அதன் பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று உணவூட்டம், சோகை ஆகியவை பற்றி ஆராய்ந்தார். வாழ்நாளின் கடைசிப் பத்து ஆண்டுகள் இலண்டன் செல்சியில் தொழிற்கட்சியின் சார்பில் நகரமன்ற உறுப்பினராக இருந்தார். மருத்துவமனைக்குச் சொந்தக் காரில் வராமல் மிதிவண்டியில் வந்தவர். மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் ஈடுபாடு கொண்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 26 அன்று காலமானார்.

ஆய்வின் பயன்

1970இல் இந்திய அரசு தேசிய உணவூட்டச் சோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, இரும்பையும் ஃபோலிக் அமிலத்தையும் ஒரே மாத்திரையில் சேர்த்து வழங்கியது. சிற்றூர்களின் துணைச் சுகாதார நிலையங்களில் செவிலியர் தரும் இந்த மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உள்ளது. மாத்திரையைப் பெறுவோர் இரும்பு மாத்திரை என்றே அழைக்கின்றனர். மற்றதன் பெயர் வழக்கில் மறைந்துவிட்டது.

ஃபோலேட்டுக்கு மற்றொரு பயனும் பின்னர் தெரியவந்தது. 1991இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. நரம்புக்குழல் குறைபாடுள்ள குழந்தையை முன்பு பெற்ற தாய்மார்கள் அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறையும் என்பது அம்முடிவு. கருவின் நரம்புக்குழல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். பெரும்பாலான பெண்கள் கருவுற்றதை உறுதி செய்வதற்குள் அந்தக் காலம் கடந்துவிடுகிறது. எனவேதான் கருத்தரிப்பதற்கு முன்னரே மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பி12 குறைவினால் வரும் சோகையிலும் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சரிசெய்துவிடும். ஆனால் நரம்புகளின் சிதைவு தொடரும். வில்ஸ் பிரித்துக் காட்டிய இரண்டு காரணிகளையும் ஒன்றாகக் கருதினால் நேரும் ஆபத்து இது.

இலங்கையில் 1934-35இல் மலேரியா பெருந்தொற்றாகப் பரவியபோது, உணவின்றி நலிந்தோருக்கு மார்மைட் வழங்கப்பட்டது. அந்நாட்டில் மார்மைட் இன்றளவும் வீட்டுப் பொருளாக நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

ஃபோலேட்டும் கரிசல் நில உணவும்

மதுவப் பிழிவை நாடாமலேயே ஃபோலேட் பெறத்தக்க உணவுகள் தமிழகத்தில் விளைகின்றன. பயறு வகைகளும் கீரைகளும் அவற்றுள் முதன்மையானவை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளை உள்ளடக்கிய கரிசல் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம் ஆகியவற்றுடன் உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை ஆகியவையும் இங்கு விளைகின்றன. கோவில்பட்டியில் 1901இல் தொடங்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இப்பயிர்களில் மானாவாரிக்கு ஏற்ற இரகங்களை வெளியிட்டுள்ளது. கே என்னும் எழுத்தில் தொடங்கும் இரகப் பெயர்கள் இந்நிலையத்தைக் குறிப்பவை.

எனினும் நிலத்தில் விளைவது தட்டுக்கு வந்துசேரும் என்பதற்கில்லை. பயறு விலைபொருள், மழை பொய்த்த ஆண்டில் விளைந்த சிறிதளவும் கடனுக்குச் சந்தைக்குப் போகும். தீட்டிய அரிசியில் இயல்பாக ஃபோலேட் மிகக் குறைவு. மேலும் ஃபோலேட் நீரில் கரைவது, வெப்பத்தால் அழிவது. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். உளுந்தும் அரிசியும் சேர்ந்த மாவு புளிக்கும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஃபோலேட்டை ஓரளவு உண்டாக்குகின்றன. இவ்வகையில் இட்லி மாவும் வில்ஸின் மதுவப் பசைக்குத் தூரத்து உறவே.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களுள் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. இதில் இரும்புக் குறைவு, ஃபோலேட் குறைவு, பி12 குறைவு ஆகிய எல்லாம் அடங்கும். வேறு நோய்களால் வருவனவும் அடங்கும்.

நினைவு

லூசி வில்ஸின் பெயர் மருத்துவ நூல்களுக்கு வெளியே நெடுங்காலம் அறியப்படாமல் இருந்தது. 2019 மே 10 அன்று, இவரது 131ஆம் பிறந்தநாளில், கூகுள் நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் இவரது ஓவியத்தை வெளியிட்டது. நுண்ணோக்கியின் அருகே ரொட்டியும் அதில் தடவ வேண்டிய மார்மைட்டும் அந்த ஓவியத்தில் இடம்பெற்றிருந்தன.